பிளாஸ்டிக் ரெக்கை வண்டி

பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் என் மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டில் கதவுக்குப் பெயிண்ட் அடித்தால் அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறாள். நான் மெதுவாகப் போய்த் திறந்து வைக்கிறேன். என் வயதுக்காரர்களே, உங்களுக்காவது இது புரியும். ஒருத்தருக்கு மண்ணெண்ணெய், ஒருத்தருக்குப் புதுப் பாடப்புத்தகம், இன்னொருத்தருக்குக் கருவாடு. எனக்குத் தின்னர். அது மூக்கில் ஏறியதும் முட்டிவலியெல்லாம் மறந்து, ராயபுரத்து வீட்டுக் குழாயடியில், உச்சி வெயிலில், நைனாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த வீட்டில் எங்களோடு சேர்த்து இன்னும் பல குடித்தனங்கள். எல்லோருக்கும் ஒரே முற்றம், ஒரே குழாய், அதைச் சுற்றி ஓயாத சண்டை. நாங்கள் நைனா, அம்மா, அக்கா, நான். துறைமுகத்துச் சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பாள். காற்று திரும்பினால் காயும் மீன் வாசனை சோற்றுக்குள்ளேயே வந்து உட்காரும்.

நைனா ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டிரைவர். அந்த முதலாளியின் வண்டி, ஐம்பதுகளில் செய்த அமெரிக்கக் கார். வெளிர்நீல உடம்பு, வெண்ணெய் நிறக் கூரை, பின்பக்கம் இரண்டு ரெக்கை. அதன் கம்பெனிப் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையாது. ரெக்கை வண்டி என்றால் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். நைனா அதைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தால், பிள்ளைகள் எல்லாம் போய் அதன் பம்பரில் முகம் பார்த்துப் பல் இளிப்போம்.

கப்பல் அதிகாரிகளை ஹார்பரிலிருந்து ஓட்டலுக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. ஒருமுறை ஒரு வெள்ளைக்கார அதிகாரி வண்டியைப் பார்த்ததும் ஏறி உட்காராமல் அதையே சுற்றிச் சுற்றி வந்தாராம். அவருடைய அப்பாவும் அதே வண்டிதான் வைத்திருந்தாராம். அடுத்த தடவை கப்பல் வந்தபோது நைனாவுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். மேலே சிவப்பு நிறத்தில் வண்டியின் படம். உள்ளே அதே வண்டி, ஆனால் துண்டு துண்டாக. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு சட்டம், அதில் சக்கரமும் கதவும் ஸ்டீயரிங்கும் காய் காய்த்த மாதிரி தொங்கின. நாமே பிய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும்.

"பொம்ம காரு குட்க்கறவன் முழுசா குட்க்க மாட்டானா? ஒட்ச்சிக் குட்த்துக்கீறான்" என்றாள் அம்மா. பெட்டி பரணுக்குப் போனது.

அந்த வருடம் ஆடியில் நைனா வேலையை விட்டார். முதலாளி நாலு பேர் எதிரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம், மானமுள்ளவன் அங்கே நிற்கமாட்டானாம். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

சஸ்பென்ஸ் வைத்துச் சொல்வதெல்லாம் எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நைனாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்து நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம், அதுவும் நல்ல வெயிலில்தான். ஆஸ்பத்திரியில் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முந்தின மாதம் ஆனியில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் பேசித் தட்டு மாற்றியிருந்தார்கள், தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை எங்கள் தெருவிலேயே எதிர்வரிசையில் இருந்தாள். பெண்ணின் தகப்பனுக்குக் கண் போகிறது என்று அவள் காதில் விழுந்தால், பரம்பரை வியாதி என்று தட்டைத் திருப்பிவிடுவார்கள். அதனால் வீண்சண்டை ஒன்றை வலிய இழுத்து, ரோஷக்காரன் என்ற பெயரோடு வண்டியை விட்டு இறங்கிவிட்டார். எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

அம்மா சும்மா இருப்பாளா? காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது தொடங்குவாள். "பொண்ணுக்கு கண்ணாலம் வெச்சிகினு எவனாவது நல்ல வேலய வுட்டுட்டு வருவானா? ரோசம் சோறு போடுமா? போய்யா, போய் முதலாளி கையில கால்ல வுய்ந்தாவது வண்டிய வாங்கினு வா." நைனா பீடியைத் தடவி எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். தடவித்தான் எடுப்பார், பீடிக்கட்டு அவர் எதிரிலேயே இருக்கும். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அப்படி ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, பரண்மேல கீதே அந்தப் பொட்டி, அத்த எட்த்தா" என்றார்.

குழாயடியில்தான் வெயில் நேராக விழும். தண்ணீர் நின்ற பிறகு, எல்லோரும் சமையலுக்குள் போன நேரத்தில், ஒரு பலகையைப் போட்டு உட்காருவோம். சட்டத்தில் ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். "நீ நம்பரப் படி. உனுக்கு இங்கிலீசு நம்பர் ஒயுங்கா வருதான்னு பாக்கறேன்" என்பார். நான் படிப்பேன், அவர் விரலால் தடவி இது கதவு, இது ரேடியேட்டர், இது பின்சீட்டு என்று சொல்லிவிட்டுப் பிளேடால் நறுக்குவார். எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நம்பி நான் பெருமையாகக் கத்திக் கத்திப் படித்தேன்.

பெட்டியோடு வந்த பசை டியூப் கல்லாக இறுகிக் கிடந்தது. நைனா லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகைக்கு என்னை இட்டுக்கொண்டு போய், ஒரு மருந்துப் புட்டியில் தின்னர் வாங்கிவந்தார். சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக்கை நறுக்கி அதில் போட்டோம். மறுநாள் பார்த்தால் எல்லாம் கரைந்து கஞ்சியாகியிருந்தது. ஈர்க்குச்சியால் தொட்டுத் தடவினால் இரும்பைப் பற்றவைத்த மாதிரி பிடித்துக்கொண்டது. போகிற வருகிற குடித்தனக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். எனக்கு அந்த நாற்றம் முதல் நாளே பிடித்துப்போயிற்று.

ஸ்டீயரிங்கில் ஒரு தகராறு வந்தது. நைனா ஓட்டிய வண்டியில் அது வலது பக்கம், வெள்ளைக்காரன் அதை இடது பக்கம் வைத்திருந்தான். "கிளீனர் சீட்ல குந்திகினு நான் வண்டி ஓட்டுவனா?" என்று நைனா சிரித்தார். டேஷ்போர்டில் இருந்த வட்டத்தைச் சுரண்டி எடுத்து, ஊசியைச் சுடவைத்து வலது பக்கம் ஓட்டை போட்டு, ஸ்டீயரிங்கை அங்கே மாட்டினோம். மாட்டியதும் இரண்டு விரலால் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உதட்டாலேயே மெல்ல ஹாரன் அடித்தார்.

அடுத்த சண்டை நிறத்துக்கு. பெட்டியில் இருந்த படம்போலச் சிவப்பு வேண்டும் என்று நான் அழுதேன். "செவப்பு கூத்தாடி வண்டி. நம்ம வண்டி நீலந்தான்" என்றார் அவர். காசிமேட்டில் படகுக்கு அடிக்கும் நீலத்தில் வெள்ளை கலந்து, கொட்டாங்கச்சியில் வைத்துக்கொண்டு, "இது போதுமா, இன்னும் வெளுக்கணுமா, நீ சொல்லு, நீ சொல்லு" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "டிக்கிக்குள்ள மட்டும் உன் செவப்ப அட்ச்சிக்கோ, எவன் தொறந்து பாக்கப் போறான்" என்றார். யாரும் திறந்து பார்க்காத அந்த டிக்கி எனக்கு மட்டும் சிவப்பாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அக்கா கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த பட்டுப்பாவாடைகூட அவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

சீட்டுக்கு அக்காவின் நகப்பாலிஷைத் திருடி அடித்தேன். அது பிளாஸ்டிக்கை லேசாக அரித்துச் சுருக்கம் சுருக்கமாக்கிவிட்டது. கெட்டுப்போச்சே என்று நான் விசும்ப, நைனா விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐய, ஷோக்கா கீது பாப்பா! அப்டியே நெச ரெக்சினு மாரி" என்று குதித்தார். பம்பருக்கும் கதவோரத்துக்கும் சிகரெட் அட்டையில் இருக்கும் வெள்ளித்தாள். சோற்றுப் பசையில் ஒட்டி, நகத்தால் நீவி நீவி இழைப்பார். வெயிலில் அது மின்னும்போது கையை நிறுத்திவிட்டு முகத்தை மிகப் பக்கத்தில் கொண்டுபோவார். ரொம்ப நேரம் அப்படியே இருப்பார்.

ஹார்பர் கேட்டில் இடித்து நிஜ வண்டியின் இடது ரெக்கையில் நசுங்கிய சொட்டை ஒன்று உண்டு. கரண்டிக் காம்பைச் சுடவைத்து அதையும் போடச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து புத்தம்புதிதாக வந்த வண்டியை நாங்களே நசுக்கினோம். அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வேலவெட்டி இல்லாதவன் பூனைய செரச்ச கத மாரி கீது. யோவ், அந்த நெச வண்டி உனுக்காவ நின்னுகினு கீதுய்யா!"

"நிக்கட்டும்மே" என்றார் நைனா, அவ்வளவுதான்.

ஆடி போய் ஆவணி, புரட்டாசி. அந்த வெயில் எனக்கு மறுபடியும் வேண்டும். கோயிலுக்குப் போனால் நான் வேறு எதையும் கேட்பதில்லை, சும்மா அதைத்தான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பலகை, ஒரு புட்டி தின்னர், என் குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற இரண்டு விரல்கள். நைனா டிரைவராக இருந்த காலத்தில் அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மாதம்தான் முழு ஆளாக எனக்குக் கிடைத்தார்.

ஆயுத பூஜைக்கு வண்டி தயார். வீட்டுக்குள் சுவரோரம் மணை போட்டு, அம்மாவின் அருவாமணை, அக்காவின் தையல் மிஷின் தலை, என் புத்தகம், நடுநாயகமாக ரெக்கை வண்டி. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நிஜ வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்களே, அதற்குப் பதிலாக நாங்கள் நாலு பச்சைப் பட்டாணி வைத்தோம். குடித்தனக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தையும் சுண்டல் வாங்கும் சாக்கில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

நைனா சூடத்தைக் கொளுத்தும் நேரத்தில் தெருவில் ஹாரன் கேட்டது. அந்த ஹாரன் எங்களுக்குத் தெரியாதா? நிஜ ரெக்கை வண்டி. மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, முதலாளியே வந்திருக்கிறார் என்று யாரோ கத்த, அக்கா, அத்தை, குடித்தனக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். தெருப்பிள்ளைகள் முழுவதும் வண்டியைச் சூழ்ந்துகொண்ட சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. வீட்டுக்குள் நைனா, அம்மா, நான் மட்டும்.

எடுத்த பூஜையைப் பாதியில் விடக் கூடாது என்று நைனா நிதானமாகச் சூடத்தைச் சுற்றினார். பிறகு எரிகிற சூடத்தை வெற்றிலையோடு எடுத்து, வண்டிக்கு முன்னால் மணையில் வைப்பார்கள் இல்லையா, அப்படி வைத்தார். ஆனால் அது மணையில்லை. வண்டியின் கூரை. வைத்துவிட்டு, கண்ணை மூடாமல், நேராக அதையே பார்த்துக்கொண்டு கும்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

வெற்றிலை சுருண்டது. வெண்ணெய் நிறக் கூரை நடுவில் மெல்லக் குழிந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். நைனா கும்பிட்ட கையை எடுக்கவில்லை. நான் கத்த வாயைத் திறந்தேன், அம்மா என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் எரிகிற சூடத்தை வெறும் விரலால் கிள்ளி எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போட்டாள். பிறகு அந்தக் கையை நைனாவின் முகத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் மெல்ல அசைத்தாள். அவர் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து அசைத்தாள். அப்போதும் இல்லை.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். கையில் சாவி, பின்னால் இனிப்புப் பெட்டி தூக்கிக்கொண்டு புது டிரைவர், நிலைப்படி முழுக்கத் தெரு ஜனம்.

"என்னய்யா, கோபம் இன்னும் ஆறலையா? நாளும் கிழமையுமா நானே வந்திருக்கேன். இவன் கியர் போட்டா எனக்குப் பல்லு கூசுது. வா, உன் கையால எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி வண்டியை எடு. இன்னைக்கே வேலைக்கு வந்துடு."

அத்தனை பேர் எதிரில் ஒரு முதலாளி வீடு தேடி வந்து கேட்கிறார். மறுக்க நைனாவிடம் எந்தக் காரணமும் மிச்சமில்லை. தெருவில் வண்டியின் முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள், என் சிநேகிதிகள், பக்கத்துக் குடித்தனத்தின் கைக்குழந்தை. இருந்தும் நைனாவின் கை சாவிப் பக்கம் நீண்டது. அவருக்கு அவ்வளவு ஆசை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, கை அதுவாகப் போனது.

அம்மா அந்தக் கையைப் பாதியில் பிடித்துக்கொண்டாள்.

"வோணாங்க. இவரு வரமாட்டாரு."

"அதை அவன் சொல்லட்டும்மா."

"அவரு இன்னா சொல்றது, நான் சொல்றேன். பொய்து வெடிஞ்சா ஹார்பரு, பொய்து சாஞ்சா ஹார்பரு. கட்டிகினு வந்த நாளா எம் புருசன் மூஞ்ச நான் ஒயுங்கா பாத்ததில்ல. இனிமே அவரு என்கூட வூட்லதான் இருப்பாரு. நான் இட்லி சுட்டு வித்தாவது சோறு போட்டுக்கறேன். வண்டிப் பக்கம் உடமாட்டேன்."

நிலைப்படியில் நின்ற மாப்பிள்ளையின் அத்தை மோவாயில் கை வைத்தாள். "அடியம்மா! நேத்து வரிக்கும் வேலைக்குப் போ வேலைக்குப் போன்னு கூவிகினு இருந்தவளா இவ?"

முதலாளியின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஏய்யா, உனக்கு வாயில்லையா?" என்று நைனாவைக் கேட்டார். நைனா வாயைத் திறந்தார். அம்மா அவர் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள், வளையல் அழுந்துவதை நான் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். இனிப்புப் பெட்டியை நிலைப்படியிலேயே வைத்துவிட்டு முதலாளி போனார். புது டிரைவர் கியரை நறநறவென்று போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

தையில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வாய்த்த மாமியார் கொஞ்சம் மோசம், ஆனால் பரவாயில்லை, பெண் நல்லவள் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மா தெருமுனையில் இட்லிக்கடை போட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் புருஷனை முந்தானையில் முடிந்துகொண்டவள். அடுத்த வருடம் நைனாவுக்கு முழுசாகக் கண் போனபோது, "ஓடியாடற மனுசன வூட்ல பூட்டி வெச்சா இன்னா ஆவும்? அதான் கண்ணு பூட்ச்சி" என்று அதையும் அவள் தலையில் கட்டினார்கள். அவள் சாவுக்கு வந்தவர்களில்கூட ஒருத்தி அதைச் சொல்லித்தான் ஒப்பாரி வைத்தாள். அம்மா ஒருநாளும் ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்லை. அக்கா இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தபோது நைனாவுக்குக் கண் போவது எப்போது தெரியும் என்று அம்மாவிடம் நானாகக் கேட்டேன், நெத்திலி ஆய்ந்துகொண்டே "அன்னிக்கே தெரியும்" என்றாள், மீனிலிருந்து தலையை எடுக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் வண்டியும் இப்போது இல்லை. வியாசர்பாடிக்கு வீடு மாறியபோது மீன்பாடி வண்டியில் ஏற்றினோம், இறக்கும்போது காணோம்.

அன்று மத்தியானத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஜனம் எல்லாம் போய்விட்டது. அக்கா ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அம்மாமேல் அப்படிக் கோபம், அவளைப் பார்க்கவே பிடிக்காமல் மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா நைனாவுக்கு எதிரில் வந்து அமர்ந்து, சூடுபட்ட விரலைப் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். நைனா மெதுவாகக் கேட்டார்.

"கருகின வாசன வந்திச்சே. வண்டிக்கு இன்னாச்சு?"

கூரை பணியாரக் குழிமாதிரி பள்ளமாகக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் ஆவல. வெத்தலதான் கருகிச்சி. வண்டி நல்லாத்தான் கீது" என்றாள்.

நைனா கையை நீட்டித் துழாவி வண்டியைக் கண்டுபிடித்தார். பானெட்டைத் தடவினார், கண்ணாடியைத் தடவினார், விரல் கூரைக்கு ஏறி அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றது. பிறகு அவர் முகத்தை அம்மா இருந்த பக்கம் திருப்பினார்.

"ஆமாமே" என்றார். "நல்லாத்தான் கீது."